பழைய ஃபைபர் போட்டை ரெடி பண்ணணும், சாமான் எங்க கிடைக்கும், பட்ஜெட் எம்புட்டு ஆகும்?

தோப்புக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். எங்க பெரியப்பா 80கள்ல கொச்சில வேலை பாத்தப்ப வாங்குன 14 அடி ஃபைபர் போட் ஒண்ணு, சோழவந்தான்ல எங்க தென்னந்தோப்புல ரொம்ப வருஷமா மல்லாக்க கெடக்கு, மேல போட்டிருந்த தார்ப்பாய் கிழிஞ்சு மழைத்தண்ணி நின்னு காஞ்சு நின்னு காஞ்சு கெடந்துருக்கு. செஞ்ச கம்பெனி பிளேட்ட காணோம். சைடுல ரெண்டு எடத்துல வெடிப்பு, தரைப்பலகை நடுவுல கால வச்சா அமுங்குது, முன்னாடி இருக்க கண்ணாடி மஞ்சளாகி கீறல் விழுந்துருச்சு, ஸ்டீரிங் கேபிள் இறுகிப் போச்சு, சுத்தி ஓடுற ரப்பர் பட்டை பாதிக்கு மேல இல்ல. பின்னாடி ஜான்சன் 25 எச்பி அவுட்போர்டு எஞ்சின் (பின்சுவருக்கு வெளிய தொங்குற எஞ்சின்) மாட்டியிருக்கு, கயித்த இழுத்தா அசையவே மாட்டேங்குது.

பெரியப்பாவுக்கு வயசு எழுபத தாண்டிருச்சு. அவரு நல்லா நடமாடும்போதே எங்க ஊரு கண்மாய்ல அத மெதக்க விட்டு அவர உக்கார வச்சு ஒரு சுத்து சுத்தணும்னு எனக்கு ரொம்ப ஆசை. வெயிலுக்கு மேல ஒரு கூரை மாதிரி போட்டாலும் நல்லாருக்கும். கையில ஒண்ணரை லட்சம் வரைக்கும் வச்சிருக்கேன்.

ஒரிஜினல் கண்ணாடி, கயிறு கட்டுற கிளீட், ஸ்டீரிங் சாமான் எல்லாம் மதுரைல கிடைக்குமா இல்ல கொச்சிக்குத்தான் போகணுமா? தண்ணித்தொட்டி, ஃபைபர் கதவு அடிக்கிறவங்கள வச்சு இந்த வேலைய பாத்துக்கலாமா? எபாக்ஸிதான் போடணும்னு ஒருத்தர் சொல்றாரு, சாதா ரெசினே போதும்னு இன்னொருத்தர் சொல்றாரு. எத நம்புறதுனு தெரியல, விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பாம்பன்வாசி:

தம்பி, மொதல்ல சாமான் தேடுறத நிப்பாட்டுங்க. கண்ணாடியும் கிளீட்டும் எப்ப வேணா வாங்கிக்கலாம். இப்ப உங்களுக்கு தெரிய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், டிரான்ஸம் உயிரோட இருக்கா இல்லியாங்கறது. டிரான்ஸம்னா எஞ்சின் மாட்டியிருக்க பின்பக்க சுவரு. வெளியில பாத்தா ஃபைபராத்தான் தெரியும், உள்ள நடுவுல பிளைவுட் வச்சிருப்பாங்க. எஞ்சின் போல்ட் ஓட்டை வழியாவும் தண்ணி விடுற அடைப்பான் ஓட்டை வழியாவும் கொஞ்சங்கொஞ்சமா தண்ணி எறங்கி மரம் உளுத்துப் போயிரும், வெளித்தோல் மட்டும் பளபளன்னு நிக்கும்.

சின்ன சுத்தியலோட பிடிய வச்சு ஒரு மூலைலருந்து இன்னொரு மூலை வரைக்கும் பையப் பைய தட்டிக்கிட்டே வாங்க. நல்ல எடத்துல டங்குனு கணீர்னு கேக்கும், கெட்ட எடத்துல தொப்புனு அமுங்கிக் கேக்கும், காதுக்கே வித்தியாசம் தெரிஞ்சிரும். தொப்புனு கேட்ட எடத்துல உள்பக்கமா இருந்து 6 மிமீ பிட்ல ஓட்டை போடுங்க, வெளித்தோல் வரைக்கும் போயிராம பாத்துக்கங்க. பிட்டோட வர்ற தூளு காஞ்சு வெளுப்பா மரத்தூளா வந்தா சந்தோஷம். ஊறுன டீத்தூள் மாதிரி கருப்பா ஈரமா வந்து புளிச்ச வாடை அடிச்சா அந்த மரத்த எடுத்துத்தான் ஆகணும், வேற வழியே கெடையாது. இன்னொரு சோதனையும் இருக்கு, எஞ்சினோட கால் கீழ்ப்பக்கத்த பிடிச்சு மேலயும் கீழயும் அமுக்கிப் பாருங்க, டிரான்ஸம் கூடச் சேந்து வளைஞ்சா அதுவும் அதே சேதிதான்.

தரை அமுங்குதுன்னா அதுக்குக் கீழ நீளவாக்குல ஓடுற ஸ்ட்ரிங்கர் கட்டையும், அதுக்கு நடுவுல ஊத்துன ஃபோமும் தண்ணி குடிச்சிருக்கும். பக்கத்துல இருக்க எடை மேடைக்கு ஒரு ஃபோர் நாட் செவன் லாரில ஏத்திட்டு போய் எடை போட்டுப் பாருங்க, வெறும் வண்டி எடைய கழிச்சா போட் எடை வந்துரும். எஞ்சின கழட்டிட்டு போடுங்க. அதுக்கு ஆகுற வாடகை நீங்க பண்ற செலவுலயே நல்ல செலவு.

ஒரு நல்ல சேதியும் சொல்றேன். அந்தக்காலத்து போட்ல பெரும்பாலும் ஃபைபர் தோல கனமாவே அடிச்சிருப்பாங்க. அதனால சைடு வெடிப்பு பெரிய விஷயமே இல்ல, சாவுறது எப்பவும் உள்ள இருக்க மரந்தான்.

ஒரிஜினல் சாமானுக்கு வருவோம். கம்பெனி பேரே தெரியலங்கறீங்க, அப்ப ஒரிஜினல்னு தேடி அலையாதீங்க, அளவ வச்சுத் தேடுங்க. கிளீட்டா, ரெண்டு போல்ட் ஓட்டைக்கு நடுவுல எத்தன மிமீ. ரப்பர் பட்டையா, அதோட குறுக்குவெட்ட ஒரு அட்டைல வரைஞ்சு வச்சுக்கங்க. பழைய கிளீட்டு, கொக்கி, போட் மூக்குல கயிறு கட்டுற கண்ணி எதையும் தூக்கிப் போட்றாதீங்க, பாதிக்கு மேல பித்தளைல குரோம் பூசுனதா இருக்கும், கீறிப் பாத்தா மஞ்சளா தெரியும். மதுரைல முலாம் போடுற கடைல கொடுத்தா புதுசு மாதிரி பண்ணிக் கொடுத்துருவாங்க. இப்ப கடைல விக்கிற லேசான கிளீட்டெல்லாம் அதுக்கு முன்னாடி நிக்காது.

கரைப்பக்கம் வந்தீங்கன்னா ராமேஸ்வரம், மண்டபம், தூத்துக்குடில போட் சாமான் கடையும் இருக்கு, ஃபைபர் ஒட்டுப்போடுற ஆளும் இருக்காங்க. 2004 சுனாமிக்கு அப்புறம் கட்டுமரம் போய் ஃபைபர் போட்டா எறங்குனப்ப பழகுன கை. ஆனா எங்க பக்கம் கெடைக்கிறது மீன்பிடிக்கிற போட்டுக்கான சாமான். உங்க போட்டுக்கு வேண்டிய ஸ்டீரிங், கண்ணாடி ஃபிரேம் மாதிரி உல்லாசப் படகு சாமானுக்கு கொச்சிதான் சரி.

கப்பலூர் ரோவிங்:

பாம்பன் அண்ணே சொன்னது அம்புட்டும் சரி. நான் ரெசின் கணக்க சொல்றேன், ஏன்னா முக்காவாசி பேரு இதுலதான் காச விடுறாங்க, ஒண்ணு பத்தாம வாங்கி பாதில நிக்கும், இல்ல மலிவா கெடைக்குதேனு மொத்தமா வாங்கி வச்சு நம்மூரு வெயில்ல கேன்லயே கட்டி ஆகிப்போகும். ரெசின் ஆறு மாசத்துக்கு மேல வச்சிருக்கற சாமான் இல்ல, அதுவும் தகர ஷெட்டுல வச்சா அதுக்கும் முன்னாடியே போயிரும். கேன்ல இருக்க தயாரிப்பு தேதிய பாத்து வாங்குங்க.

கணக்கு இப்படித்தான். மேட்னா துண்டு துண்டா வெட்டுன கண்ணாடி நார ஒட்டிச் செஞ்ச விரிப்பு, 450 ஜிஎஸ்எம் சாப்டு மேட்னா ஒரு சதுர மீட்டருக்கு 450 கிராம், கையால அடிச்சா மேட் எடைய போல ரெண்டரை மடங்கு ரெசின் குடிக்கும். ரோவிங்னு சொல்ற நெய்ஞ்ச கண்ணாடி நார்த் துணின்னா எடைக்கு எடை போதும். உங்க தரை 3 மீட்டருக்கு 1.2 மீட்டர்னு வச்சா 3.6 சதுர மீட்டர், மேல ரெண்டு லேயர் கீழ ஒரு லேயர் அடிச்சா மேட் 5 கிலோ கிட்ட வரும். ஸ்ட்ரிங்கர் ரெண்ட சுத்தி ரெண்டு லேயருக்கு 2 கிலோ, டிரான்ஸம் உள்பக்கம் நாலு லேயருக்கு ஒண்ணேகால் கிலோ. ஆக 8 கிலோவ தொட்டு வருது, வெட்டுல போற கழிவ சேத்து மேட் 10 கிலோ, ரெசின் 25 கிலோ. யாராவது உங்ககிட்ட ஒரு பேரல் ரெசின் வேணும்னு சொன்னா நம்பாதீங்க.

ஜிபினு சொல்ற சாதா பாலியஸ்டர் ரெசின் வேணாம், பாலியஸ்டர்லயே ஐசோனு ஒரு வகை இருக்கு, அத வாங்குங்க, கிலோவுக்கு கொஞ்சந்தான் கூட, தண்ணிக்கு அதுதான் தாங்கும். எபாக்ஸி பழைய ஃபைபர் மேல ஒட்டுறதுல பாலியஸ்டர விட கெட்டி, அத மறுக்கல. ஆனா வெல மூணு மடங்கு, சாப்டு மேட்டோட அது சரியா சேராது, ஏன்னா அந்த மேட்ட கட்டியிருக்க பசை பாலியஸ்டர் ரெசின்ல இருக்க ஸ்டைரீன்லதான் கரையும், அதனால நெய்ஞ்ச துணியா வாங்கணும். எபாக்ஸி மேல ஜெல்கோட்டும் (ஃபைபருக்கு மேல அடிக்கிற பளபளப்பு பூச்சு) நம்பிக்கையா ஒட்டாது, பெயிண்ட்தான் அடிக்கணும். அதனால என் கருத்து, தரைக்கும் ஸ்ட்ரிங்கருக்கும் ஐசோ, டிரான்ஸம் மரத்த பழைய தோல்ல ஒட்டுற எடத்துக்கு மட்டும் எபாக்ஸி.

தண்ணித்தொட்டி அடிக்கிறவங்கள வச்சுப் பாக்கலாமானு கேட்டீங்க. கப்பலூர் சிட்கோ, புதூர் சிட்கோ பக்கம் விசாரிங்க, நல்ல லேமினேஷன் கை எந்த தொழில்ல இருந்தாலும் நல்ல கைதான். ஆனா அவங்க தெனமும் புது மோல்டுல ஈரத்து மேல ஈரமா அடிச்சுப் பழகுனவங்க, நீங்க கொடுக்கறது காஞ்ச பழைய ஃபைபர். 36ம் நம்பர் உப்புத்தாள்ல பளபளப்பு சுத்தமா போற வரைக்கும் தேய்க்கணும், அசிட்டோன் போட்டு தொடைக்கணும், அத அவங்க செய்றாங்களானு பக்கத்துலயே நின்னு பாருங்க. வெடிப்புக்கு மேலாக்க ஒரு பட்டைய ஒட்டிட்டுப் போக விட்றாதீங்க. ஒண்ணுக்கு பன்னெண்டுனு சரிவா அரைக்கணும், அதாவது தோல் 5 மிமீ கனம்னா வெடிப்போட ரெண்டு பக்கமும் 60 மிமீ வரைக்கும் சரிச்சு எறக்கி, அதுல மேட் நெரப்பணும்.

இத மட்டும் நல்லா மனசுல வைங்க. ரெசின் கெட்டியாகறதுக்கு கலக்குற கோபால்ட்டையும் எம்இகேபி கேட்டலிஸ்ட்டையும் எக்காரணம் கொண்டும் நேரா ஒண்ணோட ஒண்ணு கலக்கக் கூடாது, வெடிக்கும். கோபால்ட்ட ரெசின்ல போட்டு நல்லா கலக்குன அப்புறந்தான் கேட்டலிஸ்ட். கோபால்ட் ஏற்கனவே கலந்த ரெசினாவே கேட்டு வாங்கிட்டா அந்த ஆபத்தே இல்ல. கேட்டலிஸ்ட் கண்ணுல தெறிச்சா பார்வையே போயிரும், கண்ணாடி போடாம பாட்டில தொறக்காதீங்க, பக்கத்துல ஒரு வாளி நல்ல தண்ணி எப்பவும் இருக்கட்டும். சித்திரை வெயில்ல கேட்டலிஸ்ட் 1 சதவீதமே தாராளம், காலைல ஒம்பது மணிக்குள்ள அடிச்சு முடிச்சிருங்க. கலந்த ரெசின வாளில குமிச்சு வைக்காம அகலமான டப்பால ஊத்துங்க, இல்லாட்டி அடிக்கறதுக்குள்ள சூடேறி பொகஞ்சிரும்.

தோப்புக்காரன்:

ரொம்ப நன்றிண்ணே ரெண்டு பேருக்கும். தட்டிப் பாத்தாச்சு. டிரான்ஸம் நடுவுல எஞ்சின் போல்டுக்கு கீழ பூராவும் தொப்புனுதான் கேக்குது, ஓட்டை போட்டா அண்ணன் சொன்ன மாதிரியே கருப்பா ஈரமா வருது. ஓரத்துல மட்டும் நல்லாருக்கு. எடை மேடைல எஞ்சின் இல்லாம 340 கிலோ காட்டுச்சு.

தரைக்கு கீழ இருக்க ஃபோம எடுத்துட்டு தெர்மகோல் அடைச்சிரலாமா, அது மலிவா கெடைக்குது. அப்புறம் மொத்தமா எம்புட்டு வரும்னு குத்துமதிப்பா ஒரு கணக்கு சொல்ல முடியுமா?

கப்பலூர் ரோவிங்:

தெர்மகோல் வேணவே வேணாம். பாலியஸ்டர் ரெசின் பட்ட நிமிஷமே உருகிக் கரைஞ்சு குழியாயிரும். பெட்ரோல் பட்டாலும் அதே கதிதான். ரெண்டு கேன் கலந்து ஊத்துற பியூ ஃபோம் போடுங்க, ஒரு லிட்டர் ஃபோம் சுமாரா ஒரு கிலோவ தூக்கிப் பிடிக்கும். காசு பத்தலேன்னா மூடிய இறுக்கி சீல் பண்ணுன காலி பிளாஸ்டிக் கேன தரைக்கு கீழயும் சீட்டுக்கு கீழயும் நகராம அடைச்சு வைங்க, அது தண்ணி குடிக்காது, பின்னாடி எடுத்து பாத்துக்கவும் முடியும். எனக்கு அதுதான் புடிக்கும்.

கணக்கு, இப்ப நான் வாங்குற ரேட்ட வச்சு சொல்றேன், உங்க பக்கம் முன்னப்பின்ன இருக்கும், ஜிஎஸ்டியோட எவ்வளவுனு கேட்டுக்கங்க. ஐசோ ரெசின் 25 கிலோ 6,000, மேட் 1,500, ரோவிங் ஒரு ஆயிரம். டிரான்ஸத்துக்கு 18 மிமீ மரைன் பிளை ஒரு ஷீட், தரைக்கு 12 மிமீ ரெண்டு ஷீட், மொத்தம் 10,000, ஷீட்டுல ஐஎஸ் 710 முத்திரை இருக்கானு பாத்து வாங்குங்க, வாட்டர்புரூஃப்னு வாய்ல சொல்றத ஏத்துக்காதீங்க. எபாக்ஸி 5 கிலோ 3,500. டிஸ்க்கு, அசிட்டோன், ரோலர், பிரஷ், கிளவுஸ், மாஸ்க்கு எல்லாம் 7,000. பிரைமரும் டூ-கே பெயிண்டும் (ரெண்டு டப்பா கலந்து அடிக்கிறது) 12,000. சாமான் மட்டும் இது 41,000 ஆச்சு. கூலி 30,000னு வைங்க, கிரைண்டிங்க நீங்களே பண்ணுனா கொறையும், ஆனா அந்த தூசிக்கும் ரெசின் வாடைக்கும் துணி மாஸ்க் பத்தாது, கார்ட்ரிட்ஜ் வச்ச மாஸ்க் வேணும். கிளீட்டு, ரப்பர் பட்டை, போல்ட் நட்டு 15,000. கண்ணாடி 6,000, அதுக்கு கொச்சி போக வேணாம், பழைய கண்ணாடிய அச்சா வச்சு 6 மிமீ அக்ரிலிக் ஷீட்ட சூடு பண்ணி வளைச்சுக் கொடுப்பாங்க, மதுரைல போர்டு எழுதுற கடைகள்லயே கேளுங்க. ஸ்டீரிங் செட் 15,000. கூட்டுனா 1,07,000 வருது.

மிச்சம் 43,000 இருக்கேனு எஞ்சினுக்கு ஒதுக்கிறாதீங்க. தரைய தொறந்து பாக்காத வரைக்கும் இது பாதிக் கணக்குதான், அதுல 25,000 கைய வைக்காம தனியா கெடக்கட்டும். போல்ட் நட்டு எல்லாம் கண்மாய்த் தண்ணிக்கு 304 எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போதும், பின்னாடி கடல்ல எறக்குற எண்ணம் இருந்தா 316 வாங்குங்க, உப்புத்தண்ணில 304 துரு புடிக்கும்.

முத்துநகர் மெக்கானிக்:

எஞ்சின் பத்தி யாரும் பேசல, நான் சொல்றேன். கயித்த இழுத்து இழுத்து அத ஒடச்சிராதீங்க. பிளக் ரெண்டையும் கழட்டி ஓட்டைல டீசலும் ஆயிலும் கலந்து கொஞ்சூண்டு ஊத்தி நாலஞ்சு நாளு ஊற விடுங்க, அப்புறம் மேல மூடிய தொறந்து ஃபிளைவீல கையால ரெண்டு பக்கமும் மெதுவா அசைங்க. அசைஞ்சா கம்ப்ரஷன் பாருங்க, ரெண்டு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒண்ணா காட்டணும், ஒண்ணு மட்டும் ரொம்ப எறங்கி இருந்தா அந்த எஞ்சின்ல காசு போடாதீங்க.

சாமான் தேடறதுக்கு முன்னாடி டிரான்ஸத்த கவ்வுற பிராக்கெட்டு பக்கத்துல ஒரு தகடு இருக்கும், அதுல மாடல் நம்பர் இருக்கும். 80க்கு அப்புறம் வந்த ஜான்சன்ல அந்த நம்பரோட கடைசிப் பக்கம் வர்ற எழுத்துலதான் வருஷம் இருக்கு, சி, ஆர்னு இருந்தா 84, சி, ஓனு இருந்தா 85. 25 எச்பினு மட்டும் சொல்லி இம்பெல்லரோ கார்புரேட்டர் கிட்டோ வாங்குனா சேராது, வருஷத்துக்கு வருஷம் மாத்தியிருக்காங்க. அந்த கம்பெனி 2000லயே திவாலாயி வேற கை மாறுச்சு, 2020ல ஜான்சனோட கூடப்பொறந்த எவின்ரூட் அவுட்போர்டு தயாரிப்பையும் நிப்பாட்டிட்டாங்க. வேற கம்பெனிகாரங்க செஞ்ச மாத்து சாமான் வெளிநாட்டுலருந்து வரவைக்கலாம், ஆனா கஸ்டம்ஸ், கூரியர்னு சாமான் வெலைக்கு மேல போயிரும்.

என்னக் கேட்டா பெரியப்பா ஞாபகத்துக்கு அத தொடச்சு பெயிண்ட் அடிச்சு வீட்டுல வைங்க. ஓட்டுறதுக்கு யமஹா டூ ஸ்ட்ரோக் பழசா ஒண்ணு பாருங்க, கரையோரம் அதுக்கு சாமானும் இருக்கு, கை வைக்க ஆளும் இருக்காங்க. ஃபோர் ஸ்ட்ரோக் எடை கூட, உங்க டிரான்ஸத்துக்கு அது வேணாம்.

டிரான்ஸம் புதுசா கட்டறப்ப உயரத்த மாத்திறாதீங்க. ஷார்ட் ஷாஃப்ட் 15 இஞ்ச், லாங் ஷாஃப்ட் 20 இஞ்ச். பழைய உயரத்த இப்பவே அளந்து எழுதி வச்சிட்டு அதுக்கு ஏத்த எஞ்சின வாங்குங்க. மாட்டுனதுக்கு அப்புறம் புரொப்பெல்லருக்கு மேல இருக்க தட்டை தகடு போட் அடிமட்டத்தோட ஒண்ணாவோ ஒரு இஞ்ச் கீழயோ நிக்கணும்.

வைகைக்கரை:

கூரை போடணும்னு எழுதியிருந்தீங்கல்ல தம்பி, அதப் பத்தி ஒரு வார்த்தை. 2009 செப்டம்பர் 30 தேக்கடி படகு விபத்த நம்ம பக்கத்துல யாரும் மறந்திருக்க மாட்டாங்க, 45 பேரு போனாங்க. ரெண்டடுக்கு ஃபைபர் படகு, ஆளுக ஒரு பக்கமா சாஞ்சதும் கவுந்துருச்சு. உங்களது சின்ன போட், உக்காந்து போற போட், அதுல இரும்பு பைப் நட்டு தகரம் போட்டா எடை மேல ஏறும், காத்தும் பிடிக்கும். மடக்குற மாதிரி அலுமினிய பைப்புல துணிக் கூரை போடுங்க, அதுக்கு மேல வேணாம். எல்லாரும் லைஃப் ஜாக்கெட் போட்டுத்தான் ஏறணும், பெரியப்பாவுக்கு அளவா ஒண்ணு பட்ஜெட்ல இப்பவே எழுதுங்க.

இன்னொண்ணு, கண்மாய் நம்ம ஊருதான்னாலும் தண்ணி நீர்வளத் துறையோடதா, யூனியனோடதானு பாத்து எழுதிக் கொடுத்து கேளுங்க. மீன்பாசி குத்தகை எடுத்தவருகிட்டயும் பேசிருங்க, வலை கெடக்குற எடத்துல எஞ்சின் ஓட்டுனா சண்டைதான் வரும். எஞ்சின் வச்ச படகுக்கு 2021 உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி பதிவு, சோதனை எல்லாம் வருது. துடுப்பு மட்டும் போட்டு ஓட்டுனா அம்புட்டு அலைச்சல் இல்ல. உங்க ஊரு கண்மாய ஒரு சுத்து சுத்த ரெண்டு நல்ல துடுப்பே போதும்னு எனக்குத் தோணுது, ஸ்டீரிங் செட்டு காசும் மிச்சம்.

தோப்புக்காரன்:

துடுப்பு யோசனை ரொம்ப நல்லாருக்குக்கா, எனக்கு தோணவே இல்ல. அப்ப இந்த வருஷம் துடுப்பு, எஞ்சின் அடுத்த வருஷம்னு முடிவு பண்ணிட்டேன். மழைக்கு கண்மாய் நெறஞ்சதும் தை மாசம் எறக்கலாம்னு இருக்கேன். வேலைய எப்ப ஆரம்பிக்கலாம், எதுலருந்து ஆரம்பிக்கணும்?

பாம்பன்வாசி:

இப்பவே ஆரம்பிங்க, ஐப்பசி மழைக்கு முன்னாடி ரெசின் வேலை முடிஞ்சிரணும், ஈரக்காத்துல அடிச்சா பிசுபிசுனு நிக்கும். ஆடிக்காத்துல மண்ணு வந்து ஒட்டும், அதனால தோப்புல மூணு பக்கம் மறைச்சு ஒரு பந்தல் போட்டுக்கங்க.

தரைய வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. தரையும் டிரான்ஸமும் வெளிய வந்துட்டா போட் உடம்பு தொளதொளனு ஆகி வடிவம் மாறிரும், அப்படியே புதுத் தரைய அடிச்சா கோணல் நிரந்தரமாயிரும். அதனால அடியில நாலஞ்சு எடத்துல வடிவத்துக்கு வெட்டுன பலகைய முட்டுக் கொடுங்க, மேல விளிம்புல இந்தப் பக்கத்துலருந்து அந்தப் பக்கத்துக்கு குறுக்க மூணு சட்டம் அடிச்சு வைங்க. மூலைக்கு மூலை டேப் பிடிச்சு ரெண்டு அளவும் ஒண்ணா இருக்கானு பாத்து அந்த அளவ சட்டத்துலயே எழுதிருங்க, வேலை நடக்கறப்ப அடிக்கடி அளந்து பாக்கலாம்.

டிரான்ஸத்துல உள்தோல மட்டும் வெட்டி எடுங்க, வெளித்தோல தொடாதீங்க. உளுத்த மரத்த உளியால பெயர்த்து எடுத்துட்டு வெளித்தோல் நல்லா காயற வரைக்கும் விடுங்க, அவசரப்பட வேணாம். 18 மிமீ பிளை ரெண்ட ஒட்டுறப்ப நடுவுல காத்து நிக்காம எபாக்ஸிய கெட்டியா கலந்து முழுசா தடவி, கிளாம்ப் நெறைய போட்டு இறுக்குங்க. பின்னாடி எஞ்சின் போல்ட் ஓட்டை போடறப்ப வேண்டியத விட பெருசா ஓட்டை போட்டு, அதுல கெட்டி எபாக்ஸிய அடைச்சு, காஞ்சதும் அதுக்கு நடுவுல சரியான சைஸ்ல ஓட்டை போடுங்க. அப்ப தண்ணி வந்தாலும் மரத்த தொடாது, இந்த டிரான்ஸம் உங்க பிள்ளைக காலம் வரைக்கும் நிக்கும். அடைப்பான் ஓட்டைக்கும் அதேதான்.

தரைய வெட்டுனதும் ஸ்ட்ரிங்கர் தெரியிற மாதிரி நாலு படம் போடுங்க. கட்டை பூராவும் போயிருந்தா கப்பலூர் தம்பி கணக்குல மேட்டும் ரெசினும் கொஞ்சம் கூட்டணும், அத பாத்துட்டு சொல்றேன்.